கடன் பணம் உங்கள் கையிலேயே நிற்க: மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு

வீட்டில் அடியும் ஏச்சும் வாங்கும் பெண்ணின் பெயரில் வரும் கடன், முன்னேற்பாடு இல்லாவிட்டால் அடிக்கிறவர் கைக்கே போய்விடும். தவணை மட்டும் அவள் தலையில் விழும். அதனால் விண்ணப்பம் வாங்கப் போகும் முன்பே கணக்கைச் சரிசெய்யுங்கள்.

கூட்டுக் கணக்கு வேண்டாம், தனிக் கணக்கு தொடங்குங்கள். கணக்கிலும் ஆதாரிலும் உங்கள் சொந்த செல்போன் எண் இருக்க வேண்டும். கணவர் எண்ணோ அண்ணன் எண்ணோ இருந்தால் ஓடிபி அவருக்குப் போகும். பணம் போனதே உங்களுக்குத் தெரியாது. பார்வையற்றவர் என்பதற்காக ஏடிஎம் அட்டையோ காசோலைப் புத்தகமோ மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. "வீட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று கிளையில் சொன்னால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 13-ஐச் சொல்லுங்கள். பணத்தைக் கையாளவும் வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்கு உள்ள உரிமை உங்களுக்கும் உண்டு. நிரப்பாத சீட்டில் கையெழுத்தோ கைரேகையோ வைக்கவே கூடாது.

அடுத்து கடன். முத்ரா என்ற சிறுதொழில் கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கிடைக்கும். பெரிய தொழில் என்றால் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்: பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கிராமத்தில் 35 சதவீத மானியம், நகரத்தில் 25, உங்கள் பங்கு 5 சதவீதம். தையல் தொழில் என்றால் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் (கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அது நாகர்கோவிலில்) மோட்டார் தையல் இயந்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். அது இலவசம். இலவசமாகக் கிடைப்பதற்குக் கடன்படாதீர்கள்.

இயந்திரத்துக்கான தொகையை விலைப்புள்ளி கொடுத்த கடைக்கே நேராகச் செலுத்தும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பறிக்க நினைப்பவர் கைக்கு ரொக்கம் போகாமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது, சரக்கு யார் கையால் வருகிறது, காசு யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் மல்லியும் வாங்கி வீட்டில் கட்டி விற்பதற்கு முதலீடு குறைவு. ஆனால் பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும். கொண்டுவந்து தரும் ஒரே ஆள் கோபத்தில் நின்றுவிட்டால் அன்றைக்கே பிழைப்பும் நிற்கும். வீட்டுக்கு வெளியே, சம்பந்தமில்லாத ஆட்டோக்காரர் ஒருவரையும் பேசி வையுங்கள். வாங்குகிறவர் காசு உங்கள் க்யூஆர் கோடுக்கே வரட்டும். வந்த தொகையைத் தமிழில் சொல்லும் ஒலிப்பெட்டி பார்வையற்றவருக்குப் பெரிய துணை.

50,000 ரூபாய், 10 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை ஏறத்தாழ 1,613. மாதம் 25 வேலை நாள் என்று வைத்து தினம் 65 ரூபாய் ஒதுக்கினால் 1,625 சேரும். அதை வீட்டு உண்டியலில் போடாமல் அன்றன்றே கணக்கில் போடுங்கள்.

பணத்தையோ அட்டையையோ பிடுங்கிவிட்டால் முதலில் அட்டையை முடக்குங்கள், பிறகு யுபிஐ ரகசிய எண்ணை மாற்றுங்கள். வங்கியின் உதவி எண்ணை மகளிர் குழுத் தலைவியிடம் முன்பே எழுதிக் கொடுத்திருங்கள். தேதி, தொகை, நடந்தது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வருமானத்தைப் பிடுங்குவதும் குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன்படி வன்முறைதான். கணவர் மட்டுமல்ல, அப்பா, அண்ணன் மீதும் புகார் கொடுக்கலாம். அந்தச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலரிடமோ 181 மகளிர் உதவி எண்ணிலோ சொல்லுங்கள். வழக்கறிஞர் தேவையானால் சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்ட உதவி இலவசம். காது கேளாதவர், "உடனே வாங்க, என்னை அடிக்கிறார்" என்ற செய்தியை முகவரியோடு செல்போனில் முன்பே எழுதிவைத்து, குழுவில் இரண்டு பேருக்கு ஒரே தட்டலில் போகும்படி வைக்கலாம்.

அந்த மாதத் தவணை தவறும் என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே புகாரின் நகலை இணைத்து வங்கி மேலாளருக்குக் கடிதம் கொடுத்து அவகாசம் கேளுங்கள். உங்கள் நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.