ஸ்கேன் நார்மல் என்றால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை

"ஸ்கேன் நார்மல்னு வந்துடுச்சே, மாத்திரையை நிறுத்திடலாமா?" வலிப்பு வந்தவர் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடுகிறது. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்கேனில் தெரிவது மூளையின் அமைப்பு. வலிப்போ மூளையின் மின்னோட்டத்தில் வரும் கோளாறு. பதின்வயதில் தொடங்கும் ஒரு வகையில், காலையில் எழுந்ததும் கை சட்டென்று வெட்டி இழுக்கும், காபி டம்ளர் தெறித்து விழும். அந்தப் பிள்ளைகளுக்கு எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மல்தான். ஆனாலும் அது வலிப்பு.

வந்தது வலிப்பா என்று முடிவு செய்ய டாக்டருக்கு முதலில் வேண்டியது, பக்கத்தில் இருந்து பார்த்தவரின் வாய்மொழி. தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, எத்தனை நிமிடம், தெளிய எவ்வளவு நேரம் ஆனது? ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். ஃபைலைத் தூக்கிக்கொண்டு, பார்த்தவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அவசரத்துக்கு எடுத்த சிடி ஸ்கேனோடு நின்றுவிடுவதும் தவறு. ரத்தக்கசிவு, பெரிய கட்டி அதில் தெரியும். காதுக்கு அருகே நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி சுருங்கியிருந்தால் பெரும்பாலும் தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும், அதிலும் வலிப்புக்கென்றே 1 மில்லிமீட்டர் அளவில் மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் முறை இருக்கிறது. ஸ்கேன் சீட்டில் அந்த முறையின் பெயரான 'எபிலெப்சி புரோட்டோகால்' என்று எழுதியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், சிலருக்கு ஸ்கேனில் தெரியும் 'சின்னக் கட்டி'. ரிப்போர்ட்டில் மோதிரம்போல ஒரு வளையம் என்று இருந்தால் வீடே புற்றுநோய் என்று பதறிவிடுகிறது. நம் நாட்டில் 20 மில்லிமீட்டருக்குள் தனியாக இருக்கும் வளையம் பல நேரம் பன்றி நாடாப்புழுவின் இளம்புழு, அதுவும் செத்துக்கொண்டிருப்பது. ஒரு காலத்தில் இதைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். அப்படியல்ல என்று திசுவை எடுத்துச் சோதித்துக் காட்டியது வேலூர் சிஎம்சி மருத்துவர்கள். "நாங்க பன்றிக்கறியே தொடமாட்டோமே" என்பார்கள். புழுவின் முட்டை மனித மலத்தின் வழியாகத் தண்ணீரிலும், கழுவாத கீரையிலும், கையிலும் வரும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். இந்த வளையங்களில் நிறைய, சில மாதங்களில் தானாகவே மறைந்துவிடும். அது மறைந்ததா என்று பார்க்கத்தான் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். செலவை நினைத்து அதைத் தவிர்க்காதீர்கள்.

ஸ்கேன் அன்று வெறும் வயிறு என்றதும் வலிப்பு மாத்திரையையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம். ஒரு வாய் தண்ணீரில் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு படங்கள் உள்ள டிஸ்க்கைத் தொலைத்துவிடாதீர்கள். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் வலிப்பு அறுவை சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதலே இதைச் செய்கிறார்கள். அங்கே பழைய படத்தை வலிப்பு விவரத்தோடு சேர்த்து வைத்துத் திரும்பப் பார்ப்பார்கள். முதலில் யாரும் கவனிக்காத ஒரு சின்னத் தழும்பு அப்போது கண்ணில் படுவதுண்டு.