ரோன் கப்பலின் சிதைவைப் பார்க்க மூழ்குவோருக்கு

கரீபியன் கடலில் உள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில், சால்ட் தீவின் பாறைக் கரையை ஒட்டிக் கடலடியில் கிடக்கும் ரோன் என்ற நீராவிக் கப்பலைப் பார்க்கச் செல்பவர்கள், அது மூழ்கிய விதத்தை முன்பே அறிந்துகொண்டு இறங்க வேண்டும்; இல்லையென்றால் கண்ணில் படுவதெல்லாம் துருப்பிடித்த இரும்பாகவே தோன்றும். 1867 அக்டோபர் 29 அன்று, பீட்டர் தீவுத் துறைமுகத்தில் நின்றிருந்த இந்தக் கப்பல், சூறாவளி சற்று ஓய்ந்த இடைவேளையில் திறந்த கடலுக்குத் தப்பிச் செல்ல முயன்றபோது நங்கூரச் சங்கிலி அறுந்தது. மறுதிசையிலிருந்து திரும்பி வீசிய காற்று கப்பலைப் பாறை முனையில் மோதவிட, கொதித்துக்கொண்டிருந்த கொதிகலன்களில் கடல்நீர் பாய்ந்து வெடித்ததில் கப்பல் இரண்டாகப் பிளந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இரண்டு முறை மூழ்குவதாகத் திட்டமிடுங்கள். ஆழமான முன்பாகத்தை முதலிலும், ஆழம் குறைந்த பின்பாகத்தைப் பிறகும் பார்ப்பதே பாதுகாப்பான வரிசை. முன்பாகம் ஏறத்தாழ 24 மீட்டர் ஆழத்தில் இருப்பதால், 18 மீட்டர் வரை மட்டுமே பயிற்சி பெற்றவர்கள் அதைத் தவிர்த்துவிட வேண்டும். தகுதியுள்ளவர்கள் கையில் டார்ச் எடுத்துச் செல்வது அவசியம். ஒருக்களித்துக் கிடக்கும் முன்பாகத்தின் உட்புறம், வெளிச்சம் இல்லாமல் பார்த்தால் கறுப்பாகவே தெரியும். ஒளியைப் பாய்ச்சிய கணத்தில் மேற்கூரை முழுவதும் அப்பியிருக்கும் ஆரஞ்சு நிறக் கிண்ணப் பவளங்கள் பளிச்சென்று தெரியும். உள்ளே துடுப்புக் காலை வேகமாக உதைத்தால் வண்டல் கிளம்பிப் பின்னால் வருபவருக்கு வழி மறைந்துவிடும் என்பதால், மெல்ல நீந்துங்கள்.

மேலே வரும்போது 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு ஏறுங்கள். படகில் போதிய ஓய்வெடுத்த பிறகே பின்பாகத்துக்கு இறங்குங்கள்.

என் கருத்தில் பின்பாகமே நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். பவளம் மூடிய ஸ்பேனர்கள் ஒரு பணிமனையில் அடுக்கி வைத்தது போலவே கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திய இயந்திரப் பணியாளர்களை நினைக்காமல் அவ்விடத்தைக் கடக்க முடிவதில்லை. அருகில் ஒரு பித்தளைச் சாளர வளையம், மூழ்குவோர் அதிர்ஷ்டம் வேண்டித் தொட்டுத் தொட்டு இன்றும் மின்னுகிறது. வெண்கலப் புரொப்பெல்லர் மேற்பரப்புக்கு அருகிலேயே இருப்பதால், ஸ்கூபா பயிற்சி இல்லாதவர்களும் கடல் அமைதியாக உள்ள நாளில் ஸ்நார்கல் (மிதந்தபடியே மூச்சுவிட உதவும் குழாய்) அணிந்து மேலிருந்தே அதைப் பார்க்கலாம்.

1980 முதல் இப்பகுதி பாதுகாக்கப்பட்ட கடல் பூங்காவாக உள்ளது. ஆகவே படகை நங்கூரமிடாமல் அங்குள்ள மிதவைகளில் மட்டுமே கட்டுங்கள். ஒரு சிறு ஓடு, ஓர் ஆணி உட்பட எதையும் எடுக்காதீர்கள். பவளத்தைக் கைபிடித்துச் செல்லும் பழக்கம் உள்ளவர்கள் வருமுன் எதையும் பிடிக்காமல் நீரில் நிலையாக மிதக்கப் பயிற்சி எடுத்துக்கொள்ளட்டும். நீரோட்டம் வலுவாக இருக்கும் நாளில், புறப்படும்போது அதற்கு எதிராக நீந்தி, திரும்பும்போது அதனுடனே வாருங்கள். சூறாவளிப் பருவமான ஜூன் முதல் நவம்பர் வரை பயணம் அமைந்தால், வானிலை அறிக்கையைப் பாருங்கள்; உள்ளூர் வழிகாட்டி இறங்க வேண்டாம் என்று சொன்னால் அன்று இறங்காதீர்கள்.