பெப்டைடா, பீனாலா? தாவரப் புரத ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவரப் புரதத்தை நொதியால் வெட்டி, கிடைக்கும் பெப்டைடுகளின் (சிறு புரதத் துண்டுகளின்) ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புத் திறனை, அதாவது ரேடிக்கல் எனும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளை அணைப்பது போன்ற திறனை, அளக்கத் தொடங்குபவர்கள், நாங்கள் முன்பு செய்த அதே பிழைகளையே திரும்பவும் செய்கிறார்கள். பிஎச் மீட்டரைச் சரிபார்க்காதது, நொதியை வெளியே வைத்துக் கெடுத்தது போன்றவை தாமாகவே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். எண்கள் அழகாக வந்தும் முடிவு தவறாக இருப்பதைப் பற்றித்தான் இங்கே.

பீனாலை நீக்காமல் புரதத்தை வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மாதக்கணக்கான உழைப்பை ஒரே கேள்வி கவிழ்த்துவிடும்: இந்தத் திறன் பெப்டைடுக்கு உரியதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? பீனால்கள் தாவரத்திலேயே இருக்கும் சிறு சேர்மங்கள், அவற்றுக்கும் இதே திறன் உண்டு.

சூரியகாந்திப் பிண்ணாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பீனால் ஏராளம். புரதத்தைக் கரைக்க சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 10-க்குக் கொண்டுபோனால், கரைசல் கண்ணெதிரே மஞ்சளாகி, பிறகு பச்சையாக இருண்டுவிடும். அந்த அமிலம் குயினோனாக மாறி, புரதத்திலுள்ள லைசின், சிஸ்டீன் ஆகிய அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகளில் பிணைந்துகொள்கிறது. அதன்பின் எந்தக் கரைப்பானில் கழுவினாலும் பிரிந்து வராது. நொதி புரதத்தை வெட்டும்போது அந்தத் துண்டுகளும் பீனாலைச் சுமந்துகொண்டே வெளிவரும்.

பிணையாத பீனால்கள் வேறு வழியில் ஏமாற்றும். பெரும்பாலானவை 1 கிலோடால்டனுக்கும் (மூலக்கூறு எடையின் அலகு) சிறியவை. சவ்வு வடிகட்டலில் சின்னப் பெப்டைடுகளோடு சேர்ந்து அவையும் கீழே இறங்கும். ‘மிகச்சிறிய பகுதிக்கே அதிகத் திறன்’ என்று எழுதுவதற்கு முன் இதைச் சோதித்தே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியது: ஹெக்சேனால் கொழுப்பை நீக்கிய மாவில் 1 கிராமுக்கு 10 மி.லி. வீதம் 80% அசிட்டோன் ஊற்றி, அறை வெப்பநிலையில் 1 மணி நேரம் கலக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேல்நீரைக் கொட்டுங்கள். குறைந்தது மூன்று முறை. மேல்நீரில் நிறம் தெரிந்தால் இன்னொரு முறை. சூடாக்காமல் ஃபியூம் ஹூடில் உலரவிடுங்கள். புரதத்தைக் கரைக்கும்போது பிஎச் 8.5-ஐ ஒட்டியே நில்லுங்கள். விளைச்சல் குறையும், பரவாயில்லை. நிறம் மாறாமலிருக்க சோடியம் சல்பைட் சேர்ப்பவர்கள் உண்டு. சல்பைட்டே ஓர் ஒடுக்கி. வெட்டுவதற்கு முன் டயாலிசிஸ் செய்து அதை வெளியேற்றாவிட்டால் அதன் திறனும் பெப்டைடு கணக்கில் ஏறும்.

பீனால் போய்விட்டதா என்று பார்க்க ஃபோலின் சோதனையை (பீனாலை நிறத்தால் அளப்பது) நம்பாதீர்கள். டைரோசினும் டிரிப்டோஃபானும் அதில் நிறம் தரும். லௌரி முறையில் புரதத்தை அளப்பதும் அதே வினைப்பொருளைக் கொண்டுதான். 240 முதல் 400 நானோமீட்டர் வரை ஒளி உறிஞ்சலை ஸ்கேன் எடுங்கள். பெப்டைடுக்கு 280-ஐ ஒட்டி மேடு வரும். 320–330-இல் இன்னொரு மேடு தெரிந்தால் குளோரோஜெனிக் வகைகள் மிச்சமிருக்கின்றன. சோயாவுக்கு இது போதாது: அதன் பீனால்களான ஐசோஃபிளேவோன்கள் 260 பக்கம் உறிஞ்சுவதால் புரத மேட்டுக்குள் மறைந்துவிடும். அதற்குச் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் எச்பிஎல்சிதான் வழி.

கன்ட்ரோல் வைக்காதது

மூன்று கன்ட்ரோல்கள் (ஒப்பீட்டு மாதிரிகள்) வேண்டும்: நொதி மட்டும், நொதி சேர்க்காத புரதம், முன்பே சூட்டில் செயலிழந்த நொதியைச் சேர்த்த புரதம். மூன்றும் மாதிரியோடு அதே பிஎச், அதே வெப்பம், அதே நேரம் இருக்க வேண்டும். அல்கலேஸ் போன்ற புரதம் வெட்டும் நொதி தன்னைத்தானே வெட்டிக்கொண்டு பெப்டைடு தரும் என்பதால்தான் முதலாவது. கடைசி இரண்டுமே மாதிரிக்கு நிகரான எண்ணைத் தந்தால், வெட்டியதால் கிடைத்தது ஒன்றுமில்லை. ஒப்பிடும்போது கரைந்திருக்கும் புரத அளவை வைத்தே ஒப்பிடுங்கள். வெட்டாத புரதம் குறைவாகவே கரையும்.

டிபிபிஎச் கலங்கலைக் கவனிக்காதது

டிபிபிஎச் ஓர் ஊதா நிற ரேடிக்கல், அது அணைய அணைய நிறம் குறையும். அது மெத்தனாலில் இருக்கிறது, மாதிரி நீரில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததும் பெரிய துண்டுகள் வெண்மையாகத் திரளும். குவெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே மூட்டம் தெரியும். அந்தக் கலங்கல் 517 நானோமீட்டரில் உறிஞ்சலைக் கூட்டி, திறனைக் குறைத்துக் காட்டும். சுற்றித் தெளிந்த பிறகு அளவிடுங்கள். டிபிபிஎச் இல்லாத மாதிரி பிளாங்கும் வேண்டும். நீரிலேயே வேலை செய்யும் இன்னொரு ரேடிக்கல் சோதனையான ஏபிடிஎஸ்ஸை உடன் வையுங்கள்: 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ், 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்பேட், இருட்டில் 12–16 மணி நேரம், பிறகு 734 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.70 வரும்வரை நீர்த்தல். டைரோசின் இதில் மெதுவாக வினைபுரிந்துகொண்டே போகும். 6 நிமிட அளவையும் 30 நிமிட அளவையும் ஒரே அட்டவணையில் கலந்தால் அந்த ஒப்பீடு செல்லாது.

தவறான பஃபர்

பஃபர் என்பது பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல். இரும்பைப் பிடிக்கும் சோதனையில் பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் கூடாது, அவையே இரும்பைப் பிடிக்கும். ஹைட்ராக்சில் ரேடிக்கல் சோதனையில் டிரிஸ் கூடாது.

பொடியின் எடையைப் பெப்டைடு எடையாக எண்ணுவது

பிஎச்சை நிலைநிறுத்தச் சேர்த்த காரமும், கடைசியில் விட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உப்பாகி, உறைநிலை உலர்த்தலுக்குப் பின் பொடியிலேயே இருக்கும். 1 மி.கி. பொடி 1 மி.கி. பெப்டைடு அல்ல. நைட்ரஜனை அளந்து திருத்துங்கள். நைட்ரஜனிலிருந்து புரதத்தைக் கணக்கிடும் பெருக்குக்காரணி எல்லாவற்றுக்கும் 6.25 இல்லை, சோயாவுக்கு 5.71.

அதிகம் வெட்டினால் அதிகத் திறன் என்று நம்புவது

இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் திறன் சரியவும் செய்யும். 30, 60, 120, 240 நிமிடங்களில் எடுத்துப் பாருங்கள்.

சோதனைக்குழாயிலிருந்து நேரே உடலுக்குத் தாவுவது

முதலில் செரிமானத்தைப் போலச்செய்யும் சோதனை: 37 டிகிரியில் இரைப்பை நொதியான பெப்சின், பிஎச் 3, 2 மணி நேரம், பிறகு பித்த உப்போடு கணைய நொதிக் கலவையான பாங்கிரியாட்டின், பிஎச் 7, 2 மணி நேரம். மாதிரி இல்லாத செரிமானக் கலவையை பிளாங்காகக் கழிக்க வேண்டும். அந்த நொதிகளும் புரதங்களே, அவையும் ரேடிக்கலை அணைக்கும்.