புதிய சண்டைத் திறனை எடைபோடுவது எப்படி

மேஜையில் பகடை உருட்டி ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டத்தை நீங்கள் நடத்துகிறீர்கள். ஆட்டக்காரர் தன் பாத்திரத்துக்குப் புதிதாக ஒரு திறன் கேட்கிறார். சொல்லக் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மேஜைக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரியும். ஒன்று, எல்லாச் சண்டையிலும் அவர் அதையே எடுத்து வீச, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இல்லையென்றால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அதைத் தொடவே மாட்டார். தாளும் பேனாவும் இருந்தால் இதில் பெரும்பகுதியை ஆட்டத்துக்கு முன்பே பிடித்துவிடலாம்.

கீழே உள்ள எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 விதிகளை ஒட்டியவை. டி20 (20 பக்கப் பகடை) உருட்டும் எந்த ஆட்டத்துக்கும் இதே வழி பொருந்தும்.

அளவுகோல்: ஒரு சாதாரண டர்ன்

"8டி6 அதிகமா?" (ஆறு பக்கப் பகடை எட்டை உருட்டிக் கூட்டும் சேதம்) என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. அந்தப் பாத்திரம் புதுத் திறனைத் தொடாமல், வழக்கமான தாக்குதலை மட்டும் செய்தால் ஒரு டர்னில் (தன் முறை வரும்போது) சராசரியாக எவ்வளவு சேதம் வரும் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

பகடையின் சராசரி, பக்க எண்ணிக்கையோடு 1 கூட்டிப் பாதியாக்கினால் வரும்: டி6க்கு 3.5, டி8க்கு 4.5, டி10க்கு 5.5. அடி விழும் வாய்ப்புக்கு 21உடன் தாக்குதல் போனஸைக் கூட்டி, எதிரியின் ஏசியை (அவன் மேல் அடி விழ எட்ட வேண்டிய எண்) கழித்து, 5ஆல் பெருக்குங்கள். விடை சதவீதத்தில் வரும். 1 விழுந்தால் தோல்வி, 20 விழுந்தால் வெற்றி என்பதால் 5க்குக் கீழும் 95க்கு மேலும் போகாது.

உதாரணமாக 5ஆம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர் வகுப்பு), ஸ்ட்ரென்த் (வலிமை) 18, கையில் கிரேட்ஸ்வோர்டு (பெரிய வாள்). போனஸ் +7, எதிரி ஏசி 15. 21 + 7 − 15 = 13, ஆகவே 65%. ஓர் அடி 2டி6+4, சராசரி 11. கிரிட்டிகலில் (20 விழும்போது) பகடை மட்டும் இரட்டிப்பாகும்; அதற்கு 5% × 7 = 0.35. ஓர் அடிக்கு 7.15 + 0.35 = 7.5. இந்த லெவலில் ஒரு டர்னில் இரண்டு அடி; ஆக 15.

இந்த 15தான் இவருடைய ஒரு டர்னின் விலை. ஷார்ட் ரெஸ்ட்டுக்கு (சண்டைகளுக்கு இடையே எடுக்கும் சிறு ஓய்வு) ஒருமுறை கிடைக்கும் ஆக்‌ஷன் சர்ஜ் என்ற ஃபைட்டர் திறன் இன்னொரு ஆக்‌ஷன் தருகிறது. அதாவது மறுபடி இரண்டு அடி, கூடுதலாக 15. விதிப்புத்தகமே இந்த வகுப்புக்கு நியாயம் என்று ஒப்புக்கொண்ட எண் இது. ஷார்ட் ரெஸ்ட்டுக்கு ஒருமுறை வரும் எந்தப் புதுத் திறனையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு திறனை நிறுத்துப் பார்ப்போம்

முதல் வரைவு இது: ஷார்ட் ரெஸ்ட்டுக்கு ஒருமுறை, ஓர் ஆக்‌ஷன் செலவு, 5 அடிக்குள் இருக்கும் எல்லா எதிரிகளுக்கும் 4டி8 சேதம், டிசி 15 ஸ்ட்ரென்த் சேவ் (எதிரி டி20 உருட்டித் தன் சேவ் எண்ணைக் கூட்டி 15ஐ எட்டினால் தப்புவான்), தப்பினால் பாதி. எதிரியின் சேவ் +2 என்றால் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்; தப்பும் வாய்ப்பு 40%. சராசரி 18. ஆக 18 × 0.6 + 9 × 0.4 = 14.4. சேவ் கேட்கும் திறனில் கிரிட்டிகல் கிடையாது, அதனால் வேறெதுவும் கூட்ட வேண்டாம்.

ஒரே எதிரி இருந்தால் 14.4, வாளை வீசுவதே மேல். இரண்டு பேர் என்றால் 28.8, சாதாரண டர்னைவிட 13.8 கூடுதல், கிட்டத்தட்ட ஆக்‌ஷன் சர்ஜ். மூன்று பேர் என்றால் 28.2 கூடுதல், அதாவது இரண்டு ஆக்‌ஷன் சர்ஜ். ஏற்கெனவே ஒன்று கையில் இருக்கும் 5ஆம் லெவல் ஃபைட்டருக்கு இது அதிகம். 3டி8 ஆக்கினால் ஓர் எதிரிக்கு 10.8. இருவருக்கு 6.6, மூவருக்கு 17.4 கூடுதல். இதை ஏற்கலாம். எதிரிகள் சூழ்ந்துகொள்ளும்போது மட்டும் பளிச்சிடும். ஒற்றை எதிரி முன்னால் வாள்தான் பேசும். எப்போது எடுப்பது என்று ஆட்டக்காரரை யோசிக்க வைக்கும் திறன்தான் நல்ல திறன்.

எத்தனை பேர் மாட்டுவார்கள் என்று தெரியாதபோது இருவர் என்று வையுங்கள். மான்ஸ்டர்களின் பரப்புத் தாக்குதலைக் கணக்கிடும்போது ஆட்டம் நடத்துபவருக்கான 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடும் இரண்டு இலக்குகள் என்றே எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கூட்டலில் இரண்டு ஏமாற்றுகள் உண்டு. கோப்லின் என்ற சின்ன எதிரிக்கு ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 7தான். 11 சேதத்தில் 4 வீண். இரண்டாவது இதைவிட முக்கியம்: தலா 40 ஹெச்பி உள்ள மூவருக்கு 14 வீதம் கொடுத்தால் அடுத்த ரவுண்டில் (எல்லோருக்கும் ஒரு டர்ன் வரும் சுற்று) மூவரும் திருப்பி அடிப்பார்கள். அதே 42ஐ ஒருவர் மேல் இறக்கினால் இருவர்தான் அடிப்பார்கள். ஆகவே பரப்புச் சேதம் ஆளைச் சாய்க்காதவரை அதன் கூட்டுத்தொகை அளவுக்குப் பெறாது.

டர்னைப் பறிக்கும் திறன்கள்

புதுத் திறன்களில் ஆட்டத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் சேதம் தருபவை அல்ல. ஸ்டன், பாரலைஸ், மயக்கம் என்று எதிரியின் டர்னையே எடுத்துக்கொள்பவைதான். எட்டு கோப்லின்களில் ஒன்றை முடக்கினால் எட்டில் ஒரு பங்குதான் போகிறது. தனியாக நிற்கும் பெரிய எதிரியை முடக்கினால் சண்டையே முடிந்தது.

இங்கே கால அளவுதான் உயிர்நாடி. சேவ் தோற்கும் வாய்ப்பு 60%, சண்டை 4 ரவுண்டு என்று வைப்போம். கடைசிவரை முடக்கம் என்றால் எதிரி சராசரியாக 2.4 டர்ன் இழப்பான். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மறுபடி சேவ் கொடுத்தால் 0.6 + 0.36 + 0.22 + 0.13, ஏறத்தாழ 1.3. ஒரே டர்ன்தான் என்றால் 0.6. விளைவு வாக்கியத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் கால அளவை மட்டும் மாற்றி, பலத்தை நான்கில் ஒரு பங்காக்கிவிடலாம்.

ஸ்டன் ஆனவன் மேல் அட்வான்டேஜ் (டி20ஐ இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) வேறு கிடைக்கிறது. மேலே சொன்ன ஃபைட்டருக்கு 65% என்பது 88% ஆகும். 15 என்பது 20.7 ஆகும். அவரைப் போல மூவர் அடித்தால் 17 கூடுதல், இன்னொரு ஆள் சேர்ந்த மாதிரி. இதைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் அதிகம்.

லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (சேவ் தோற்றாலும் வென்றதாக மாற்றும் திறன்) நாளுக்கு மூன்று முறை இருந்தால் பெரிய எதிரி தப்புவான். ஆனால் மூன்று நல்ல மந்திரங்கள் ஒன்றுமில்லாமல் போவதைப் பார்க்கும் ஆட்டக்காரருக்கு மனசு விட்டுப்போகும். அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் எதிரியும் ஏதாவது இழக்கட்டும்: அடுத்த டர்ன்வரை ஏசியில் 2 குறைவு, அல்லது ரியாக்‌ஷன் (மற்றவர் டர்னில் செய்யும் எதிர்ச்செயல்) கிடையாது. முடக்கத்தையே மென்மையாக்குவதும் நல்ல வழி. நகர முடியாது, ஆனால் அடிக்கலாம். அல்லது ஒரே ஓர் அடி மட்டும். சேவ் தோற்ற ஆட்டக்காரர் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் அவலமும் இதனால் தீரும்.

சிறிதாகத் தெரிந்து பெரிதாக வளர்பவை

"ஏசிக்கு +1தானே" என்று தாராளமாகக் கொடுக்காதீர்கள். +7 போனஸ் உள்ள எதிரி ஏசி 18ஐ 50% அடிப்பான்; ஏசி 19ஐ 45%. வாங்கும் அடி பத்தில் ஒன்று குறைகிறது. ஏசி 24ஐ 20% அடிப்பவன் ஏசி 25ஐ 15% தான் அடிப்பான்; இங்கே அதே +1 நான்கில் ஒரு பங்கைக் குறைக்கிறது. ஏசி ஏற ஏற அடுத்த +1இன் மதிப்பும் ஏறும். அந்தப் பாத்திரம் எட்டக்கூடிய உச்ச ஏசி எவ்வளவு என்று கூட்டிப் பார்த்த பிறகே கொடுங்கள்.

"ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக 1டி6" என்பதும் இதே வகை. ஃபைட்டருக்கு டர்னுக்கு 4.9 கூடும், அவருடைய 15இல் மூன்றில் ஒரு பங்கு. 5ஆம் லெவல் மங்க் (துறவி வகுப்பு) ஃப்ளரி என்ற தொடர் அடி போட்டால் நான்கு முறை அடிப்பார், அவருக்கு இரட்டிப்பு. "டர்னுக்கு ஒருமுறை" என்று சேர்த்தால் போதும். ரோக் வகுப்பின் ஸ்னீக் அட்டாக் திறனில் அந்த வரி இருப்பது இதனால்தான்.

ஆக்‌ஷன் வகையும் விலைதான். 2014 விதிகளில் முதல் லெவல் குணமாக்கும் மந்திரமான கியூர் வூண்ட்ஸ், போனஸ் 3 என்றால் சராசரி 7.5 தரும், அதே வகை மந்திரமான ஹீலிங் வேர்ட் 5.5தான். ஆனாலும் பலர் ஹீலிங் வேர்டையே எடுப்பார்கள்: போனஸ் ஆக்‌ஷன் (முதன்மைச் செயலோடு கூடவே செய்யும் சிறு செயல்), 60 அடி தூரம். 0 ஹெச்பியில் கிடப்பவருக்கு 1 ஹெச்பி போதும், முழு டர்ன் திரும்பிவிடும்.

ஓய்வுக் கணக்கு

2014 புத்தகம் ஒரு நாளில் 6 முதல் 8 நடுத்தர அல்லது கடினமான மோதல்களை எதிர்பார்க்கிறது. உங்கள் மேஜையில் நாளுக்கு ஒரே சண்டை என்றால் "லாங் ரெஸ்ட்டுக்கு (நாளின் நீண்ட ஓய்வு) ஒருமுறை" என்பது "சண்டைக்கு ஒருமுறை" ஆகிவிடும். விலை எழுதியதில் ஆறில் ஒரு பங்கு. திறனை எழுதும் முன் உங்கள் கடைசி சில ஆட்டங்களில் லாங் ரெஸ்ட்டுக்கு இடையே எத்தனை சண்டை நடந்தது என்று பாருங்கள். அந்த எண்ணை வைத்தே எழுதுங்கள்.

சோதனையும் திருத்தமும்

மூன்று சண்டைகளைத் தனியாக உருட்டிப் பாருங்கள்: ஒற்றைப் பெரிய எதிரி, நடுத்தர எதிரிகள் நால்வர், சின்ன எதிரிகள் எட்டுப் பேர். ஒவ்வொன்றையும் திறன் இல்லாமல் ஒருமுறை, திறனோடு ஒருமுறை. எத்தனை ரவுண்டு, குழுவிடம் மீந்த ஹெச்பி எவ்வளவு என்று குறியுங்கள். ஒரே உருட்டலை நம்ப வேண்டாம், பகடை பொய் சொல்லும்; வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால் மறுபடி உருட்டுங்கள். மூன்று வகைச் சண்டையிலும் திறன்தான் சிறந்த தேர்வு என்று வந்தால் அது பலம் மிஞ்சியது. மூன்றிலும் வாள்தான் மேல் என்றால் எழுதியதே வீண்.

திருத்தும்போது முதலில் எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதை மாற்றுங்கள், பிறகு கால அளவை, பிறகு ஆக்‌ஷன் வகையை, கடைசியாகப் பகடையை. பகடையைக் குறைத்தால் திறனின் சுவையே போய்விடும். எண்ணிக்கையைக் குறைத்தால் பயன்படுத்தும் நேரத்தில் அதே பிரமாண்டம் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஆட்டத்தின் நடுவில் மாற்றாதீர்கள். திறனைக் கொடுக்கும்போதே "மூன்று ஆட்டம் பார்ப்போம், பிறகு சரிசெய்வோம்" என்று ஆட்டக்காரரிடம் சொல்லிவிடுங்கள். குறைக்க வேண்டி வந்தால், அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்குக் கொடுங்கள்.