வலி ஆய்வில் சமூக விவரங்களைச் சேகரிப்பது எப்படி? முதல் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு செய்முறை

முதுகுவலி, மூட்டுவலி பற்றிய பல ஆய்வுக் கட்டுரைகளில் நோயாளிகளைப் பற்றி வயதும் பாலினமும்தான் இருக்கும். என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்ற விவரம் இருக்காது. அந்த விவரம் இல்லாவிட்டால், சிகிச்சை யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று பின்னால் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அதனால் அதிகம் பாதிக்கப்படுவது, வலியைப் பொறுத்துக்கொண்டு கூலிக்குப் போகிறவர்கள்தான்.

தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் ஓ.பி.யில் முழங்கால் வலி ஆய்வு செய்வதாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: எதைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

சுகாதாரச் சமத்துவ ஆய்வுகளில் ‘புரோகிரஸ்-பிளஸ்’ என்ற பட்டியல் பரவலாகப் பயன்படுகிறது. வசிக்கும் இடம், இனம்/பண்பாடு/மொழி, தொழில், பாலினம், மதம், கல்வி, பொருளாதார நிலை, சமூகத் துணை ஆகியவை அதில் உள்ளன. வயது, மாற்றுத்திறன் போன்றவை ‘பிளஸ்’ பகுதியில் வரும். எல்லாவற்றையும் படிவத்தில் அடுக்க வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், “இந்தப் பதிலை வைத்து எந்த அட்டவணை போடுவேன்?” என்று எழுதிப் பாருங்கள். பதில் எழுத முடியாத கேள்வியை நீக்கிவிடுங்கள். மதம் பெரும்பாலும் இங்கேயே போய்விடும்.

படி 2: கேள்விகளை எழுதுங்கள்

அதிகத் தவறு நடப்பது தொழில் கேள்வியில். “வேலை?” என்று கேட்டால் பல பெண்கள் “வீட்டுலதான்” என்பார்கள். படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று டிக் விழும். அதே பெண் தென்காசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் காலை மடக்கி, கழுத்தைக் குனித்து, நாள் முழுக்கப் பீடி சுற்றுபவராக இருக்கலாம். முழங்கால் வலிக்கு மிகத் தேவையான விவரம் அந்த ஒரு டிக்கில் காணாமல் போய்விடும். ஆகவே மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேளுங்கள்:

- போன வாரம் காசுக்காக என்னென்ன வேலை செய்தீர்கள்? வீட்டிலிருந்தே செய்ததையும் சொல்லுங்கள்.
- அந்த வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குத்தவைத்து, சம்மணமிட்டு, அல்லது சுமை தூக்கி இருப்பீர்கள்?
- ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடுமா?

பொருளாதார நிலைக்கு நகரத்தில் குப்புசாமி அளவுகோலும் (1976), நகரம் கிராமம் இரண்டுக்கும் பி.ஜி.பிரசாத் அளவுகோலும் (1961) வழக்கத்தில் உள்ளன. விலைவாசிக் குறியீட்டின்படி வருமான வரம்புகளைத் திருத்திய பிறகே இவற்றைப் பயன்படுத்த வேண்டும். பழைய வரம்போடு போட்டால் ஏழைக் குடும்பமும் மேல் வகுப்பில் போய் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, குப்புசாமி அளவுகோல் குடும்ப வருமானத்தோடு குடும்பத் தலைவரின் படிப்பையும் தொழிலையும்தான் கேட்கிறது. நோயாளி பெண்ணாக இருந்தால் அவருடைய சொந்தப் படிப்பையும் தொழிலையும் தனி வரியில் பதியுங்கள். வறுமையைக் கணிக்க ரேஷன் அட்டையை நம்ப வேண்டாம். இங்கே பொது விநியோகம் எல்லோருக்குமானது என்பதால், அட்டை வைத்திருப்பது ஏழையையும் வசதியானவரையும் பிரித்துக் காட்டாது.

சாதிப் பெயரைக் கேட்காதீர்கள். ஆய்வுக்குத் தேவையென்றால் சான்றிதழில் உள்ள பிரிவை மட்டும் கேட்கலாம்: எஸ்.சி., எஸ்.சி. (அருந்ததியர்), எஸ்.டி., எம்.பி.சி./சீர்மரபினர், பி.சி., பி.சி. (முஸ்லிம்), பொதுப்பிரிவு, சொல்ல விருப்பமில்லை. பாலினத்தில் ஆண், பெண் என்பதோடு திருநங்கை, திருநம்பி, வேறு, சொல்ல விருப்பமில்லை என்பவையும் இருக்கட்டும்.

மாற்றுத்திறனுக்கு வாஷிங்டன் குழு எனப்படும், மாற்றுத்திறன் புள்ளிவிவரங்களுக்கான ஐ.நா. சார்ந்த குழுவின் ஆறு கேள்விகள் (பார்வை, கேட்டல், நடை, நினைவு, தன்பராமரிப்பு, தொடர்பு) போதும். ஆனால் முழங்கால் வலிக்காரர் நடைக் கேள்விக்கு “ரொம்பச் சிரமம்” என்றுதான் சொல்வார். கேள்வியின் சொற்களை மாற்றாமல், “இந்தச் சிரமம் வலி வருவதற்கு முன்பே இருந்ததா?” என்று கூடுதலாக ஒன்று கேளுங்கள்.

படி 3: வலியை எல்லோருக்கும் ஒரே முறையில் அளவிடுங்கள்

படித்தவரிடம் 0 முதல் 10 வரை எண்ணும், படிக்காதவரிடம் ‘லேசு, நடுத்தரம், கடுமை’ என்ற சொல்லும் கேட்பது பல இடங்களில் நடக்கிறது. பிறகு இரு குழுவுக்கும் இடையே வித்தியாசம் வந்தால், அது வலியால் வந்ததா அளவுகோலால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு முறையையும் எல்லோரிடமும் பயன்படுத்துங்கள். வாசிக்கத் தெரிந்தவருக்கும் கேள்வியை வாய்விட்டே வாசியுங்கள். திருப்பூர், சென்னை போன்ற இடங்களில் இந்தி, ஒடியா படிவம் இல்லையென்றால் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆய்வுக்குள் வரவே மாட்டார்கள்.

படி 4: ஒப்புதல், இடம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம், அதனால் சிகிச்சை குறையாது என்பதை வாயால் சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் போதாது. ஓ.பி. வரிசையில் நிற்க வைத்து வருமானமும் சாதியும் கேட்காதீர்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பதில் மாறும். ஒரு திரையும் இரண்டு நாற்காலியும் ஏற்பாடு செய்யுங்கள். வலிக் கேள்விகளை முதலில் முடித்துவிட்டு, வருமானம், சமூகப் பிரிவு போன்றவற்றைக் கடைசியில் வையுங்கள்.

படி 5: வெள்ளோட்டம், பயிற்சி

எட்டுப் பத்துப் பேரிடம் படிவத்தைப் போட்டுப் பார்த்து, “இந்தக் கேள்வியை என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். படிப்பு குறைந்தவர்களும் வயதானவர்களும் அதில் பாதிக்கு மேல் இருக்கட்டும். கேள்வி கேட்பவர்களுக்கு ஒரு விதியை உறுதியாகச் சொல்லுங்கள்: பெயர், உடை, நிறம், பேச்சு இவற்றை வைத்து எதையும் தாமாக நிரப்பக்கூடாது. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது போன்ற பொய்யான நம்பிக்கைகளை ஏற்ற வெள்ளையின மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைவாக மதிப்பிட்டது தெரியவந்தது. பார்வையாலேயே முடிவு கட்டும் பழக்கம் தரவுக்குள் நுழைய இடம் கொடுக்காதீர்கள்.

படி 6: பதிவும் விடுபட்டவர்களும்

‘தெரியாது’ 98, ‘சொல்ல விருப்பமில்லை’ 99, ‘கேட்கவே இல்லை’ 97 என்று தனித்தனிக் குறியீடு வையுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஆய்வில் சேராதவர்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: வயது, பாலினம், மொழி, சேராத காரணம். “ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும்”, “வாராவாரம் வர வேண்டும்” போன்ற நிபந்தனைகள் யாரையெல்லாம் வெளியே தள்ளின என்பது இதில்தான் தெரியும். மாதம் ஒருமுறை இதைப் பாருங்கள். ஆய்வு முடிந்த பிறகு பார்த்தால் சரிசெய்ய நேரம் இருக்காது.

படி 7: பகுப்பாய்வு, பகிர்வு

முடிவுகளைப் பிரிவுவாரியாகக் காட்டுங்கள். ஒரு பிரிவில் வலி அதிகம் என்றால் அதை உடலின் இயல்பு என்று எழுதிவிடாமல், சுமை தூக்கும் நேரம், பயண தூரம், மருந்து கிடைத்ததா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். படி 2-இல் வேலையைப் பற்றி விரிவாகக் கேட்டது இதற்காகத்தான். ஓர் அட்டவணைக் கட்டத்தில் 5-க்கும் குறைவானவர்கள் இருந்தால் எண்ணை வெளியிடாமல் அருகிலுள்ள பிரிவோடு சேர்த்துவிடுங்கள். தரவைப் பிறரிடம் தருமுன் பெயர், தொலைபேசி எண், ஊர் ஆகியவற்றை நீக்கி, வயதைப் பத்தாண்டு இடைவெளியாக்கிவிடுங்கள். சின்ன ஊரில் “62 வயதுத் திருநங்கை, பூ வியாபாரம்” என்ற மூன்றே விவரம் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.