சென்ட்ரல் ஏசி: டன் கணக்கைக் காங்கிரீட் போடும் முன்பே பாருங்கள்

சென்னை சேலையூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்துக்கு சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே ஏசிக்காரர்களை வரவழைத்தேன். "பூச்சு வேலை முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேஸ்திரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. குளிரூட்டும் வாயு ஓடும் செம்புக் குழாயும் தண்ணீர் வடியும் பைப்பும் பீமைத் தாண்டித்தான் போயாக வேண்டும். பொறியாளரைக் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் பிவிசி பைப் துண்டு ஒன்றைக் கம்பிகளுக்கு நடுவே வைத்துவிட்டுக் காங்கிரீட் போட்டால் போதும். பிறகு துளை போட்டால் கம்பி அறுபடலாம்.

வந்தவர்களில் ஒருவர் வரைபடத்தை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, ஹாலுக்கு 3 டன், மூன்று படுக்கையறைகளுக்கும் ஒன்றரை ஒன்றரை, மொத்தம் ஏழரை டன் என்றார். சதுர அடியை வைத்துச் சொன்ன கணக்கு அது. ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, தலைக்கு மேல் மாடி இருக்கிறதா, மொட்டைமாடியா என்று அவர் கேட்கவே இல்லை. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். அன்று இரவே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

டன் என்பது இயந்திரத்தின் எடை அல்ல. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பம். வகுத்துப் பார்த்தால் ஒரு டன் சுமார் 3.5 கிலோவாட். ஓர் அறைக்குள் எத்தனை வாட் வெப்பம் நுழைகிறது என்று கூட்டி 3,500 ஆல் வகுத்தால் அந்த அறைக்கு வேண்டிய டன் வந்துவிடும்.

மாடியில் மேற்குப் பார்த்த அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 12க்கு 14 அடி. மேலே வெறும் காங்கிரீட் தளம் இருந்தால் அதன் வழியாக மட்டும் சுமார் 940 வாட். சாதாரணக் கண்ணாடி போட்ட 5க்கு 4 அடி மேற்கு ஜன்னல், மாலை நாலு மணிக்கு 900. மேற்குச் சுவர் 330, மற்ற சுவர்கள் 200, இரண்டு பேர் உடம்புச் சூடு 220, ஃபேன், விளக்கு, டிவி 250, இடுக்கு வழியே வரும் காற்றும் அதன் ஈரமும் 270. கூட்டினால் 3,110 வாட். ஒரு டன்னுக்கும் சற்றுக் கீழே.

இதில் பாதிக்கு மேல் கூரையும் ஜன்னலும்தான் என்பதைக் கவனியுங்கள். தட்டோடு பதிக்கும் முன் தளத்தின்மேல் இரண்டு இஞ்ச் தெர்மோகோல் வகைப் பலகையை (அழுத்தமானது, தண்ணீர் உறிஞ்சாதது) விரித்து, மேலே வெள்ளை ஓடு பதிக்கச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி. உள்ளே திரை போட்டால் அவ்வளவு பலன் இல்லை, வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டியிருக்கும். கூரை 160 ஆகவும் ஜன்னல் 350 ஆகவும் இறங்கின. அதே அறைக்கு இப்போது 1,780 வாட், அதாவது அரை டன். எந்த ஏசி வாங்குவது என்று யோசிக்கும் முன் இந்தச் செலவைச் செய்யுங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

"கொஞ்சம் பெரிசாவே போடுங்க, நல்லதுதானே" என்பார்கள். நம் ஊருக்கு அது நல்லதல்ல. சென்னையில் வெப்பத்தோடு கடற்காற்றின் ஈரத்தையும் இழுக்க வேண்டும். ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் (காயில்) காற்று தொடர்ந்து ஓடினால்தான் ஈரம் தண்ணீராகி வடியும். பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு அடிக்கடி நின்றுவிடும். அறை சில்லென்று இருக்கும், மெத்தை மட்டும் பிசுபிசுக்கும்.

அடுத்தது, எந்த வகை? டக்ட் வழியாகக் குளிர்காற்று அனுப்பும் வகை பெரிய ஹாலுக்கு அருமை. ஆனால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஒரே தெர்மோஸ்டாட்டில் வீடு முழுக்க ஓடும். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் காற்று திரும்பி வர வழி வேண்டும். டக்டுக்காக ஃபால்ஸ் சீலிங்கை ஓர் அடி இறக்கவும் வேண்டியிருக்கும். அத்தைக்கு 27 டிகிரிக்குக் கீழே போனால் முழங்கால் வலிக்கும். என் மகனுக்கு 24 வேண்டும். அதனால் ஒரே அவுட்டோர் யூனிட்டும் அறைக்கு ஒரு உள் யூனிட்டும் தனி ரிமோட்டும் உள்ள, தேவைக்கேற்பக் குளிரூட்டும் வாயுவின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் விஆர்எஃப் வகையை எடுத்தோம்.

அதில் இன்னொரு வசதி உண்டு. எல்லா அறையும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. கிழக்கறைக்குக் காலை, மேற்கறைக்கு மாலை. எங்கள் வீட்டில் மாலை நாலு மணிக் கணக்கு மொத்தம் 12 கிலோவாட்தான். படுக்கையறைகளுக்கு 2.8 கிலோவாட் யூனிட் மூன்று, ஹாலுக்கு 7.1, ஆக உள்ளே 15.5. வெளியே 14 கிலோவாட், அதாவது 4 டன். ஏழரை டன் கேட்ட வீடு இது.

வாங்கும் முன் ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: ராத்திரி ஒரே ஒரு படுக்கையறை மட்டும் ஓடினால் வெளி யூனிட் எவ்வளவு குறைவாக இறங்கி ஓடும்? இறங்க முடியாத இயந்திரம் விட்டுவிட்டு ஓடிக் கரண்டைத் தின்னும். வெளி யூனிட் பழுதானால் வீடு முழுக்க நின்றுவிடும் என்பதும் உண்மை. அதற்காக அத்தை அறையில் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி மாட்ட ஒரு பவர் பாயிண்டும் குழாய்த் துளையும் விட்டுவைத்திருக்கிறேன். மூன்று ஃபேஸ் இணைப்புக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செம்புக் குழாய் போட்டதும், கசிவு இருக்கிறதா என்று அறிய அதில் நைட்ரஜன் ஏற்றி, ஒரு நாள் முழுக்க அழுத்தமானி முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிறகே சுவரைப் பூசலாம். ஈரமான நாளில் ஒரு டன்னுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் வடியும். உறவினர் வீடு ஒன்றில் வடிகுழாய்க்குச் சரிவு கொடுக்காமல் சீலிங்கை மூடிவிட்டார்கள். முதல் கோடையிலேயே கறை படிந்து பலகை ஊறித் தொங்கியது. எங்கள் வீட்டில் சீலிங் மூடுவதற்கு முந்தின நாள், ஏணியில் ஏறி ஒவ்வொரு யூனிட்டின் தட்டிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். கீழே வாளியோடு மகன் நின்றான். நான்கு யூனிட்டின் தண்ணீரும் வாளிக்கு வந்த பிறகுதான் பலகை அடிக்க விட்டேன்.