காம்பவுண்ட் வில்லுக்கு (கப்பி வைத்த வில்) அம்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

அம்பு ஓர் அங்குலம் கூடிவிட்டால் எடை சற்று ஏறும், வேகம் சற்று இறங்கும், பெரிய நஷ்டமில்லை. குறைந்துவிட்டால் கதை வேறு. முழுதாக இழுக்கும்போது நுனி ரெஸ்டை (வில்லில் அம்பு தங்கும் தாங்கி) விட்டுப் பின்னால் நழுவும். அந்த நிலையில் நாணை விட்டால் அம்பு வில்லில் மோதிச் சிதறும், அல்லது வில் பிடித்த கையிலேயே பாயும். கார்பன் அம்பின் சிலாம்பு சதைக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. ஆகவே சந்தேகம் வந்தால் நீளமாகவே விடுங்கள்.

இரு கைகளையும் விரித்து அளந்து 2.5-ஆல் வகுக்கும் கணக்கு பலருக்கும் தெரியும். 67 அங்குலம் வந்தால் இழுப்பு நீளம் சுமார் 26.8. வில்லை எந்த அளவில் வைத்துத் தொடங்கலாம் என்று பார்க்க அது போதும். அதை நம்பி அம்பை வெட்டக் கூடாது.

வில்லில் எழுதியிருக்கும் இழுப்பு நீளமும் அம்பின் நீளமும் ஒன்றல்ல. முழு இழுப்பில் நாக் (அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் துண்டு) பள்ளத்திலிருந்து கைப்பிடியின் ஆழமான இடம் வரை அளந்து, அதோடு 1¾ அங்குலம் கூட்டுவதே இழுப்பு நீளம். 28 அங்குல வில்லில் உண்மையான தூரம் 26¼ தான். ரெஸ்ட் அந்த ஆழமான இடத்துக்கு நேர் மேலே இருந்தால், அதைத் தாண்டி ஓர் அங்குலம் விட்டு 27¼ அங்குல அம்பு போதும். ரெஸ்ட் முன்னே பின்னே இருந்தால் கணக்கும் மாறும். அளவை நாணிலிருந்தே எடுக்க வேண்டும்; நாணில் கட்டியிருக்கும் சிறு கயிற்று வளையமான டி-லூப்பைச் சேர்த்து அளந்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

நேரில் அளப்பதுதான் உறுதி. வெட்டாத நீள அம்பை மாட்டி, இலக்கைப் பார்த்து நின்று, நாண் முட்டி நிற்கும் வரை இழுங்கள். உடனிருப்பவர் பக்கவாட்டில் நின்று, அம்பு ரெஸ்டைத் தொடும் இடத்தின் முன்பக்கம் மார்க்கரால் கோடு போடட்டும். மெதுவாகத் தளர்த்துங்கள். மூன்று முறை செய்து, வந்ததில் நீளமான அளவோடு ஓர் அங்குலம் கூட்டுங்கள். அம்பின் நீளம் என்பது நாக் பள்ளத்திலிருந்து ஷாஃப்ட் (அம்பின் தண்டு) முடியும் இடம் வரை, முனை சேராது. கடையில் சொல்லும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நாக் இல்லாமல் வெறும் குழாயை அளந்து வெட்டுகிறவர்களும் உண்டு.

நீளம் மாறினால் ஸ்பைனும், அதாவது அம்பின் விறைப்பும், மாறும். ஸ்பைன் 500 என்றால், 28 அங்குல இடைவெளியில் தாங்கிய ஷாஃப்டின் நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.500 அங்குலம் வளைகிறது என்று பொருள். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். அதே ஷாஃப்டைக் குட்டையாக்கினால் விறைக்கும். முனையில் எடை ஏற்றினால் இளகும். அதனால் நீளம், இழுவிசை, முனை எடை மூன்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். மொத்த அம்பு ஒரு பவுண்டு இழுவிசைக்கு 5 கிரெய்னுக்கு (அம்பு எடைக்கான சிறு அலகு) குறையாமல் இருக்கட்டும்: 60 பவுண்டுக்கு 300 கிரெய்ன். அதைவிட லேசான அம்பு வில்லின் லிம்பை (வளையும் கையை) கெடுக்கும்.

கார்பனை ஹேக்ஸாவால் அறுத்தால் நார் பிரியும். குழாய் வெட்டும் கருவி அதை நசுக்கிவிடும். வேகமாகச் சுழன்று தேய்த்து அறுக்கும் அப்ரேசிவ் சக்கரமே சரி. தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம். ஒரு டஜனையும் ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். முதலில் ஓர் அம்பை மட்டும் கணக்கைவிட அரை அங்குலம் நீளமாக வெட்டி எய்து பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்கு ரெஸ்டைத் தாண்டி இரண்டு அங்குலமாவது விடுங்கள். இழுப்பு நீளத்தைக் கூட்டி வைக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி அளங்கள்.